சராசரி

பாலக்கோடு தக்காளி மண்டியில்
விடிகாலை நாலரைக்குச் சீட்டு எழுத உட்காருவேன்.
பெட்டி, எடை, விலை, கமிஷன், இறக்குக்கூலி.
பத்து மணிக்குள் கார்பன் தாளின் நீலம்
முழங்கை வரை ஏறிவிடும்.

பன்னிரண்டாவதில் கணக்கு முப்பத்தெட்டு.
இயற்பியல் முப்பத்தைந்து,
அதிலும் மூன்று
திருத்தியவர் போட்ட பிச்சை என்று
எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இரவு, சாப்பிட்ட தட்டு கழுவாமல் கிடக்க,
கீறல் விழுந்த செல்போனில் பைத்தான் படிக்கிறேன்.
பாடம் எடுக்கிற பையன்
நாலு நிமிடத்துக்கு ஒரு தரம்
"இது ரொம்ப ஈசி" என்கிறான்.
அவன் ஈசி என்னும் இடத்திலெல்லாம்
நிறுத்தி, பின்னால் போய்,
மறுபடி கேட்கிறேன்.

x = x + 1
இந்த ஒரு வரியில் ஒன்பது நாள் நின்றேன்.
எட்டாம் வகுப்பில் இப்படி எழுதியிருந்தால்
எமிலி மிஸ் நோட்டைச் சன்னல் வழியே வீசியிருப்பார்.
இரண்டு பக்கமும் சமம் என்றால்
இந்த ஒன்று எந்தச் சந்து வழியாக உள்ளே வந்தது?
பத்தாம் நாள்
திம்மராஜ் வண்டியிலிருந்து பெட்டி இறங்க இறங்கப்
பலகையில் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தேன்.
முப்பத்தொன்று. அழி.
முப்பத்திரண்டு. அழி.
முப்பத்து மூன்று எழுதப் போன கை நின்றுவிட்டது.
அது சமமே இல்லை.
வை என்கிறார்கள்.
இருந்ததை எடு, ஒன்று சேர், அதே இடத்தில் வை.
"எழுதும்மா, தூங்கிட்டியா?" என்று
வண்டி மேலிருந்து கத்தினான் மாதப்பன்.

அதற்கு அடுத்த பாடத்தில் ஒரு பயிற்சி.
மேலே எறிந்த பந்து
எப்போது தரையைத் தொடும்?
9.8 என்ற எண்ணைப் பார்த்ததும்
தாண்டிப் போய்விட்டேன்.
அந்த எண்ணுக்கும் எனக்கும் பழைய பகை.

ஆடி பிறக்குமுன் என் முதல் புரோகிராம் ஓடியது.
விற்ற பணத்தை விற்ற பெட்டியால் வகு.
ஒரு பெட்டியின் சராசரி விலை.
தீர்த்தகிரி அண்ணன் விரல்விட்டுச் சொல்வதற்கும்
திரை சொல்வதற்கும்
ஒரு ரூபாய், மிஞ்சினால் ஒன்றரை வித்தியாசம்.
"உன் போனுதான் தப்பு" என்பார்.

பிறகு அந்தச் செவ்வாய்.
ஏலம் கேட்க ஆளில்லை.
கிலோ இரண்டு ரூபாய் என்றார்கள், ஒன்று என்றார்கள்,
அப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை.
திம்மராஜ் கொண்டுவந்தது நூற்றுப் பன்னிரண்டு பெட்டி.
விற்றது ஒன்றுமில்லை.

பழக்கத்தில் இரண்டு எண்ணையும் போட்டேன்.
சிவப்பு எழுத்தைக் கக்கிவிட்டு
புரோகிராம் விழுந்தது.
பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாதாம்.

எமிலி மிஸ் இதைக் கரும்பலகையில் எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.
ஏன் என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை.
இன்று எதிரே திம்மராஜ் நிற்கிறார்,
துண்டால் வாயைத் துடைத்தபடி.
விற்காத பெட்டிக்கு என்ன சராசரி?
பூஜ்ஜியம் என்றால்கூட அது ஒரு விலை.
இது விலை இல்லை.

"சைபர்னு போட்டு மூடும்மா" என்றார் அண்ணன்.
நான் ஓர் 'இஃப்' சேர்த்தேன்.
பெட்டி பூஜ்ஜியமானால் வகுக்காதே,
விற்கவில்லை என்று சொல்.
இறக்குக்கூலி மட்டும் கழிந்தது, பெட்டிக்கு எட்டு.
மைனஸ் எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு.

மைனஸ் எண்ணெல்லாம் எந்த ஊரில் இருக்கிறது என்று
நான் கேட்டபோது வகுப்பே சிரித்தது.
மாரண்டஅள்ளியில் இருக்கிறது.
சட்டைப்பையில் கைவிட்டு
நூறு நூறாக எண்ணிக் கொடுக்கிறது.

அன்றிரவு
தாண்டிப்போன பயிற்சிக்குத் திரும்பினேன்.
9.8 ஏன் என்று இன்னும் புரியவில்லை.
புரியாமலே எழுதி ஓடவிட்டேன்.
பந்து ஏறியது, தயங்கியது, இறங்கியது,
பூஜ்ஜியத்தின் பக்கம் வந்தது,
நிற்கவில்லை.
மைனஸ் மூன்று. மைனஸ் பதினாறு.
மைனஸ் முப்பத்தொன்பது.
எண்கள் திரையை நிரப்பி ஓடிக்கொண்டே இருந்தன.
தரை எங்கே இருக்கிறது என்று
அதற்கு நான் இன்னும் எழுதவில்லை.